பென்சிலுக்கு அடியில் இருந்த முகம்

சேது,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது. மற்ற நலமெல்லாம் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரிந்துவிடும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கு நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். ஒன்று, பம்பாயில் உன் வேலை. பிளாஸ்மாவைப் படம் எடுத்து, அந்தப் படத்தை ஒரு இயந்திரம் கட்டம் கட்டமாக எண்களாக்கிவிடுகிறது, அதில் இருக்கும் புள்ளி, கறை, இரைச்சலையெல்லாம் துடைத்தெடுக்க நீ கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிறாய் என்று. இன்னொன்று, கல்யாண மண்டபத்தில் வைக்க அம்மாவின் கடைசிப் படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்து வரச் சொல்லியிருக்கிறாய். "கன்னம் நிறைஞ்சு, பாதிச் சிரிப்போட இருப்பாங்களே, ஹாஸ்டல்ல என் பெட்டிக்குள்ள ஒட்டி வச்சிருந்தேனே, அந்தப் படம்" என்று அடையாளம் வேறு சொல்லியிருக்கிறாய். எனக்கா அடையாளம் தெரியாது? அந்தப் படத்தை நான் கொண்டு வரப்போவதில்லை சேது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு தாளும். படித்து முடித்த பிறகு, கல்யாணத்துக்கு வாருங்கள் என்று சொல்வதும் வராதீர்கள் என்று சொல்வதும் உன் கையில்தான் இருக்கிறது.

உனக்கு விவரம் தெரியுமுன்பே நான் ஸ்டூடியோவில் டச்சிங் ஆளாக இருந்தவன். படம் எடுப்பது முதலாளி. எடுத்த நெகட்டிவை வாங்கி, அதன் மேல் ஒரு மெழுகுப் பதமான எண்ணெயைத் தேய்த்து, ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் முகங்களைச் சரிசெய்வது நான். அம்மைத் தழும்பு போகும், பரு போகும், கண்ணுக்குக் கீழே கறுப்பு போகும். கன்னம் ஒட்டியிருந்தால், நெகட்டிவில் அந்தக் குழி வெளுப்பாகத் தெரியும். அதில் பென்சிலைப் பொடிப் பொடியாக வைத்து நிரப்பினால் பிரிண்டில் கன்னம் உப்பி வந்துவிடும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள், இந்த வட்டாரத்துக் கல்யாணங்களில் நானூறு பொய்யாவது என் பென்சில் சொன்னதாக இருக்கும். ஆனால் எங்களுக்கு நிறைய வேலை கொடுத்தது கல்யாணம் இல்லை. கடல் தாண்டிப் போனவர்களுக்கு அனுப்பும் படம்தான். பினாங்கிலும் ரங்கூனிலும் இருக்கும் ஆண்களுக்கு வீட்டிலிருந்து வருஷம் ஒரு படம் போகும். அது அப்படியே போகக் கூடாது. ஒரு தடவை ஒரு ராவுத்தர் வீட்டு அம்மா, எலும்பும் தோலுமாக இருந்த தன் மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து உட்காரவைத்துவிட்டு என் காதருகே சொன்னார்: "மாமிக்குக் கொஞ்சம் சதை போட்டு விடுங்கண்ணே. இப்புடியே அனுப்புனா அவுகளுக்கு அங்குட்டு சோறு எறங்காது." நான் போட்டுவிட்டேன். தூரத்தில் இருக்கிறவன் கவலைப்படக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. புண்ணியம் என்று நினைத்தோம். நானும் அப்படியே நினைத்துக்கொண்டுதான் பதினாறு வருஷம் பென்சில் சீவினேன்.

அறுபத்தைந்தில் போர் வந்து, ஃபிலிமும் பேப்பரும் கிடைக்காமல் ஸ்டூடியோ நொடித்தது உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பன்னிரண்டு வயது. அப்போதுதான் நம்மூர் ஆய்வுக்கூடத்தில் போட்டோ தெரிந்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அங்கே ஆராய்ச்சியை நடத்திய தேவசகாயம் சார் நாகர்கோவில் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனாலும் டாக்டர் பட்டம் வாங்கியவர். முதல் நாளே என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டார். பிளாஸ்மா என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்வது கொல்லர் தெருவில் ஊசி விற்கிற கதை. ஆனாலும் எனக்கு அவர் சொன்ன விதத்தில் சொல்கிறேன், இன்றுவரை எனக்கு அது மறக்கவில்லை. இரண்டு கரிக்குச்சிக்கு நடுவில் மின்சாரத்தைத் தாவவிட்டால் இடையில் இருக்கும் காற்று சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்தில் தானே உடைந்து, தானே மின்சாரத்தைக் கடத்துகிறது. அந்த உடைந்த காற்றுக்குத்தான் அந்தப் பெயர். அது எவ்வளவு சூடு என்று தெரிந்தால்தான் அதை வைத்து உலோகம் உருக்கும் உலையைச் சரியாகக் கட்ட முடியும். ஆனால் எதை உள்ளே விட்டு அளப்பது? எதை விட்டாலும் உருகிப்போகும். "தொட்டு அளக்க முடியாது அண்ணாச்சி. தள்ளி நின்னு அது முகத்தப் பாத்துத்தான் சொல்லணும்" என்றார். முகம் என்றதும் எனக்கு வேலை புரிந்துவிட்டது.

இரண்டு நிறக் கண்ணாடி வழியாக இரண்டு போட்டோத் தட்டில் அந்த மின்சுடரை, ஆர்க் என்பார்கள், படம் எடுப்போம். கழுவிக் காயவைத்து, ஒவ்வொரு தட்டாக மீட்டரில் வைப்பேன். அடியிலிருந்து ஊசித்துளை அளவுக்கு வெளிச்சம் தட்டைத் துளைத்து வரும். அந்த இடம் எவ்வளவு கறுத்திருக்கிறதோ அதை முள் காட்டும். திருகை அரை மில்லிமீட்டர் நகர்த்தி அடுத்த புள்ளி. குறுக்கே நாற்பது, நெடுக்கே அறுபது. ஒரு தட்டுக்கு இரண்டாயிரத்து நானூறு எண். கட்டம் போட்ட தாளில் எழுதிக்கொடுத்தால் அது மதராஸுக்குப் போய்த் துளை அட்டையாகி, அங்கே இருந்த கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, மடிப்பு மடிப்பான நீளத் தாளாகத் திரும்பி வரும். நாம் பார்க்கும் வெளிச்சம் முன்னால் இருப்பதும் நடுவில் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்தது. அதை வெங்காயம் உரிக்கிற மாதிரி பட்டை பட்டையாக உரித்து, நடுத்தண்டில் இவ்வளவு சூடு, ஓரத்தில் இவ்வளவு என்று சொல்வது கம்ப்யூட்டரின் வேலை. நீ இப்போது கடிதத்துக்குக் கடிதம் டிஜிட்டல், டிஜிட்டல் என்று எழுதுகிறாயே, அந்தக் காலத்தில் அந்த டிஜிட்டல் நான்தான். கண்ணும் கையும் வைத்த டிஜிட்டல். மாலையில் வீட்டுக்கு வந்தால் அம்மா என் இமையில் விளக்கெண்ணெய் தடவிவிடுவாள்.

இப்போது முதல் தப்பைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு தட்டில் ஆர்க்கின் வலது பக்கம் கீழே ஒரு புடைப்பு தெரிந்தது. பரு மாதிரி என்றுதான் என் மனதில் பட்டது. கழுவும்போது விழுந்த கறை என்று முடிவுகட்டினேன். ஆர்க் உருண்டையானது, இரண்டு பக்கமும் ஒன்று என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம் என்று சார் முன்பே சொல்லியிருந்தார். அப்புறம் என்ன? வலது பக்கத்தில் முள் காட்டியதை விட்டுவிட்டு இடது பக்கத்து எண்களையே திருப்பி எழுதினேன். முகம் சுத்தமாகிவிட்டது. யாரும் கேட்கவில்லை. கணக்கும் அழகாக வந்தது. அடுத்த தட்டிலும் கறை இருந்தது, அதற்கடுத்ததிலும் இருந்தது. ஒவ்வொரு தட்டிலும் ஒரே இடத்தில் கறை விழுமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. பிறகு வலது பக்கத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பழக்க தோஷம் என்று பாதியைச் சொல்லலாம். பாதி வேலையில் முழு வேலை முடிகிறதே என்ற சோம்பலும் இருந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அதை முதலில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? உன் அம்மா. ஆறாம் வகுப்போடு நின்றவள், கண்டரமாணிக்கத்தில் வயல்காட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஒரு சனிக்கிழமை, மதராஸிலிருந்து வந்த தாளில் ஒன்று அச்சு மங்கிப்போனதால் வேண்டாம் என்று போட்டதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். எண்களுக்குப் பதிலாக எழுத்துகளை அடித்து, சூடான இடத்தில் நெருக்கமான எழுத்தும் ஆறிய இடத்தில் வெறும் புள்ளியுமாக, தள்ளி நின்று பார்த்தால் ஒரு சுடர் தெரியும். நீ தரையில் விரித்துவிட்டு முக்காலி மேல் ஏறி நின்று கத்தினாய், "அம்மா, இங்குட்டு வந்து பாரு, எழுத்துலயே நெருப்பு!" அவள் மாவுக் கையோடு வந்து பார்த்தாள். "ரெண்டு பக்கமும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கேங்க. எந்த நெருப்பு இப்புடி நேரா நிக்கும்? காத்து எங்குட்டு இருக்கோ அங்குட்டுத்தான சாயும்?" என்றாள். நான் சிரித்தேன். "இது ஆராய்ச்சி சிவகாமி, உன் வெறகு அடுப்பு இல்ல" என்றேன். நீயும் சேர்ந்து சிரித்தாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, அப்பன் சிரித்தால் பிள்ளை சிரிக்கும். அவள் கோபப்படவில்லை. "என்னமோ, எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்தது நெருப்பு. எனக்குத் தெரிந்தது எண்ணை அழகாக எழுதுவது.

சில வருஷம் கழித்து ஒரு தையில் அவளுக்கு வயிற்று வலி ஆரம்பித்தது. நீ மதராஸில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். சோடா, ஓமத்தண்ணீர், கைவைத்தியம் என்று ஒரு மாதத்தைப் போக்கிவிட்டு மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கட்டி என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள், வீட்டில் வைத்து அவள் கேட்டதைக் கொடுங்கள் என்றார்கள். அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாசி முடிவதற்குள் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தூக்கி, வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. அப்போதுதான் உன் கடிதம் வந்தது. "அம்மா எழுத்து ஏன் இப்படிக் கோணலா இருக்கு? எனக்கு என்னமோ மாதிரி இருக்குப்பா. ஒரு படம் எடுத்து அனுப்புங்க" என்று எழுதியிருந்தாய். நீ கெட்டிக்காரன். எழுத்தைப் பார்த்தே பாதியைக் கண்டுபிடித்துவிட்டு, மீதிக்குச் சாட்சி கேட்டாய்.

கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அவள் எழுந்து தலை சீவிக்கொண்டாள். கொல்லைக் கதவோரம் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பவுடர் எடுத்து வரட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். படம் எடுத்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "இப்புடியே அனுப்புங்க. ஒங்க பென்சில எடுத்துறாதீக. அவன் பாத்துட்டு வருவான். பரீச்சைய அடுத்த வருசம் எழுதிக்கிறட்டும். எனக்கு அவனப் பாக்கணும்போல இருக்கு." நான் சரி என்று தலையாட்டினேன்.

தலையாட்டிவிட்டு ஆய்வுக்கூடத்து இருட்டறையில் நெகட்டிவைக் கழுவினேன். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பென்சிலைச் சீவினேன். பிள்ளையின் பரீச்சை கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. நீ வந்துவிட்டால் அவள் சாகப்போகிறாள் என்பது உறுதியாகிவிடும், அதுதான் உண்மை. நீ வராதவரை அது வெறும் வயிற்று வலி. அந்தக் கன்னத்தில் பென்சில் வைக்க வைக்க, கல்யாணமான புதிதில் இருந்த சிவகாமி எனக்குத் திரும்பி வந்தாள் சேது. உனக்காக வரையவில்லை, எனக்காக வரைந்தேன். கழுத்தெலும்பை நிரப்பினேன், கன்னத்தை நிரப்பினேன், வாயோரத்துச் சுருக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். நீ பாதிச் சிரிப்பு என்று எழுதியிருக்கிறாயே, அது அவள் சிரித்ததில்லை. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான வேலை நான் செய்ததில்லை. பதினாறு வருஷம் ஊரார் முகத்தில் பழகிய கையை என் வீட்டு முகத்தில் காட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன்.

பத்தாம் நாள் உன் பதில் வந்தது. "அம்மா முன்னைவிட நல்லா இருக்காங்க. நான்தான் வீணா பயந்துட்டேன். பரீச்சை முடிஞ்சதும் ஓடி வாரேன்" என்று எழுதியிருந்தாய். அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் படுத்தபடியே கேட்டாள், "நல்லாருக்கேனாமா?" "அனுப்புன படத்தக் காட்டுங்க" என்றாள். என்னிடம் இன்னொரு பிரிண்டு இருந்தது, கொடுத்தேன். வாங்கி நெடுநேரம் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் இந்த ஏழு வருஷம் கொஞ்சம் லேசாகக் கழிந்திருக்கும். படத்தை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "அப்ப அவன் வரமாட்டான்ல" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. அப்போதாவது நான் ஒரு தந்தி அடித்திருக்கலாம். தபாலாபீஸ் நடக்கிற தூரம்தான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். உன் பதில் வந்து பதினோராம் நாள் அடித்த தந்தி வேறு தந்தியாகிவிட்டது.

நீ ரயிலை விட்டு இறங்கி வந்தபோது அவளைக் கிடத்தியிருந்தார்கள். முகத்துணியை விலக்கிப் பார்த்தாய். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வேறு வீட்டுக்குள் தவறி நுழைந்துவிட்டவன் பார்க்கிற மாதிரி பார்த்தாய். "எப்பப்பா இப்புடி ஆச்சு?" என்று கேட்டாய். "பத்தே நாள்ல உருக்கிருச்சுப்பா" என்றேன். "ஏன் எழுதல?" என்றாய். "பரீச்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு எழுதாதீகன்னு ஒங்கம்மாதான் கையப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டா" என்றேன். இரண்டு பொய். அதிலும் இரண்டாவது பொய்யைச் செத்தவளின் வாயில் போட்டேன், அவள் எழுந்து இல்லை என்று சொல்ல முடியாது என்ற தைரியத்தில். அன்றிலிருந்து நீ ஊர் உலகத்திடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய், எனக்காக அம்மா வலியை மறைத்தாள் என்று. லலிதாவைப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் அதைத்தான் சொன்னாய். அவர்கள் கண் கலங்கினார்கள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

அம்மா போய் நான்கு மாதம் கழித்து ஒரு நாள் தேவசகாயம் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு செங்கல் இருந்தது. சின்ன உலையின் உள்சுவரில் பதித்திருந்த சூடு தாங்கும் கல். அதில் ஒரு பக்கம் மட்டும் கை நுழையும் அளவுக்குக் குழி. கணக்குப்படி எல்லாப் பக்கமும் ஒரே சூடு, ஆனால் உலை எப்போதும் வலது பக்கமே ஓட்டையாகிறது, ஏன் என்று அவருக்கு மண்டை குடைந்திருக்கிறது. நான் எழுதிக்கொடுத்த தாள் ஒன்றை எடுத்தார். நடுவில் மடித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இடது பக்கத்து எண்ணின் மேல் வலது பக்கத்து எண் அச்சு மாறாமல் உட்கார்ந்தது. "ஆண்டவரே ஒரு மனுசனுக்கு ரெண்டு கன்னத்தையும் ஒண்ணுபோலப் படைக்கல அண்ணாச்சி. நீங்க படைச்சிருக்கீங்க" என்றார். நான் கறை என்று ஆரம்பித்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அது கறை இல்ல. திரும்பிப் போற கம்பி இடது பக்கமா ஓடுது. அதோட காந்த விசை ஆர்க்க வலது பக்கமாத் தள்ளுது. அந்தப் புடைப்புதான் அண்ணாச்சி எனக்கு வேண்டிய சேதி. நீங்க சேதியத் துடைச்சிட்டு வெறும் தாள அனுப்பியிருக்கீங்க" என்றார்.

அவர் ஆர்க்கைப் பற்றித்தான் பேசினார். எனக்குக் கேட்டது சிவகாமியின் முகத்தைப் பற்றி. அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். வேலைக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து அவர் தண்ணீர் கொடுத்து, "தட்டெல்லாம் பத்திரமா இருக்குல்ல, திரும்பப் படிச்சாப் போச்சு" என்று தேற்றினார். நல்ல மனுஷர். வெளியான கட்டுரையில் தவறு இருக்கிறது என்று அவர் பெயரிலேயே எழுதி அனுப்பினார், என் பெயரைச் சொல்லவில்லை. நான் எட்டு மாதம் எல்லாத் தட்டுகளையும் இரண்டு பக்கமும் திரும்பப் படித்தேன். வீட்டில் காத்திருக்க ஆள் இல்லாதவனுக்கு அது வசதியான வேலை. கண் எரியும். இமையில் எண்ணெய் தடவ ஆள் கிடையாது. நானே தடவினால் கண்ணுக்குள் போய்விடும், அந்தச் சின்ன வேலைக்குக்கூட இன்னொரு கை வேண்டியிருக்கிறது.

தனிமை தனிமை என்று புலம்ப எனக்கு அருகதை இல்லை, நானாகக் கட்டிக்கொண்ட வீடு அது. நீ லீவு போட்டு வரட்டுமா என்று கேட்டபோதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் வேலை இருக்கிறது என்று எழுதினேன். ஒரு வேலையும் இருந்ததில்லை. நீ எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டால் என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியாது, அதுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் ஏறிக் கோவிலூர் போவேன். குளத்துப் படியில் உட்கார்ந்திருப்பேன். பேச ஆள் வந்தால் எழுந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவேன். வீட்டில் சாப்பிட இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்த நாட்கள் உண்டு. ரேடியோவை யாரோ பேசிக்கொண்டிருக்கட்டும் என்று போட்டுவிட்டு வேறு அறையில் இருப்பேன்.

போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். மாலை போடுவதற்கு முன்னால், காலையிலேயே போய் அம்மாவின் நெகட்டிவை மீட்டரில் வைத்தேன். ஆர்க்கைப் படித்த அதே மீட்டர். கன்னத்தின் மேல் திருகை நகர்த்தினேன். பத்தொன்பது, பத்தொன்பது, பத்தொன்பது, இருபது, பத்தொன்பது. மனிதத் தோலில் அப்படி எண் வரவே வராது. அது பென்சிலின் எண். பிறகு கண்ணுக்கு நகர்த்தினேன். கண்ணில் மட்டும் நான் கைவைத்திருக்கவில்லை, டச்சிங்காரன் கண்ணில் கைவைத்தால் முகம் செத்துவிடும் என்று பயம். அங்கே முள் குதித்தது. பதினொன்று, முப்பத்தேழு, எட்டு, நாற்பது. அவள் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வா என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த முகத்தில் அளக்கத் தகுந்தது அந்த இரண்டு கண்தான் மிச்சம் இருந்தது. அன்று சாயந்திரம் கழுத்தில் மாலையோடு வீட்டுக்கு வந்தேன். மாலையை மாட்ட ஆணி தேடினேன், அவள் படத்துக்கு அடித்த ஆணிதான் இருந்தது.

நான் புத்தி சொல்ல யோக்யதை உள்ளவன் இல்லை. தப்புப் பண்ணினவன் பாதையைக் காட்டலாம் அல்லவா, அந்த அளவுக்குச் சொல்கிறேன். நீ துடைக்கச் சொல்லிக்கொடுக்கிறாயே கம்ப்யூட்டருக்கு, எதைத் துடைக்கும் முன்பும் அது தட்டின் கறையா, நெருப்பின் புடைப்பா என்று கேள். எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் வருகிற கறை கறையில்லை. நீ என்ன துடைத்தாலும் மூலத் தட்டை மட்டும் தூக்கிப் போடாதே. தேவசகாயம் சாரைக் காப்பாற்றியது அதுதான், என்னைக் காப்பாற்றப்போவதும் அதுதான். லலிதா விஷயத்திலும் இதையே சொல்வேன். படிக்காதவள் சொன்னாள் என்று நான் சிரித்தேன், லலிதா உன்னைவிடப் படித்தவள், ஆனாலும் ஆம்பளைப் புத்தி சிரிக்க வேறு காரணம் கண்டுபிடிக்கும். அவள் நெருப்பு சாய்கிறது என்றால் போய்ப் பார். இப்படியே அனுப்புங்கள் என்றால் அப்படியே அனுப்பு. அவள் முகத்தில் ஒரு வாட்டம் தெரிந்தால் அதைச் சரிசெய்ய அவசரப்படாதே, முதலில் உட்கார்ந்து படி.

கல்யாணத்துக்கு நான் வர வேண்டாம் என்றால் ஒரு வரி போடு, மனம் நோகமாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், நோகும். ஆனாலும் நியாயம் என்று ஏற்றுக்கொள்வேன். வரச் சொன்னால் வருகிறேன். மணையில் என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கும். அங்கே உட்காரக் கூடாது என்றாலும் சரி, எதிரில் ஜனங்களுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். படம் எடுக்கிறவன் எப்போதும் நிற்கிற இடம்தானே அது.

நேற்று மத்தியானம் கொல்லைக் கதவோரம், அதே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பஞ்சை டர்பன்டைனில் நனைத்து நெகட்டிவின் மேல் மெதுவாக ஓட்டினேன். பென்சில் சாம்பல் நிறமாகக் கரைந்து பஞ்சில் ஏறியது. முதலில் கழுத்தெலும்பு வந்தது. பிறகு கன்னத்துக் குழி, இரண்டும் ஒன்றுபோல் இல்லை, இடது பக்கம் கொஞ்சம் ஆழம். அது எனக்கு மறந்தே போயிருந்தது. கடைசியாகக் கடித்த உதடு. ஒரு பிரிண்டு போட்டு இந்தக் கடிதத்தோடு அட்டை வைத்துக் கட்டியிருக்கிறேன். மண்டபத்தில் வைப்பதும் வைக்காததும் உன் முடிவு, லலிதாவிடமும் காட்டிவிட்டு முடிவு செய். பவுடர் இல்லை, பென்சில் இல்லை. உன் அம்மா சொன்ன மாதிரி இப்படியே அனுப்பியிருக்கிறேன் சேது. ஏழு வருஷம் தாமதமாக.

அப்பா